பொழுதுபட்டதும் வரும் மாணவி

போர் முடிந்த ஆண்டின் ஆனி மாதத்தில், தேற்றாத்தீவின் உப்புநீர் வாவிக்கரையில் நெடுங்காலம் பூட்டிக் கிடந்த வீடொன்றுக்கு ஜூடித் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி குடிவந்தார். அவருடன் ஒரு சாய்வு நாற்காலியும், இரண்டு பெட்டி நாவல்களும், பழைய வானொலியும், தோடம்பழ மர்மலேட் பாகு காய்ச்சுவதற்கென்றே அவர் ஊர் ஊராகத் தூக்கித் திரிந்த அடிகனத்த பாத்திரமும் லொறியில் வந்து இறங்கின. ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரண நிறுவனமொன்றில் பணியாற்ற வந்தவர் அவர். நிறுவனம் தன் கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு போன பின்னும் அவர் போகவில்லை.

"என் நாட்டில் எனக்காகக் காத்திருப்பவை மழையும் முழங்கால் வலியும் மாத்திரமே" என்பார். தமிழை அறுபதை நெருங்கும் வயதில் நூல்களிலிருந்து கற்றவர். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

தடித்த சுவர்களும் ஓட்டுக் கூரையும் கொண்ட வீடு அது. முன்வாசல் தெருவையும் பின்வாசல் வாவியையும் பார்த்திருந்தன. கடல் ஏறிய மட்டம் சுவர்களில் மார்பளவில் பழுப்புக் கோடாக ஓடியது. எத்தனை முறை வெள்ளையடித்தாலும், சில நாட்களில் அந்தக் கோடு ஈரம் கசிந்து மீண்டும் எழும்பியது.

ஜூடித் அதைப் பொருட்படுத்தவில்லை. காலையில் பாணும் அவித்த முட்டையும். பகலில் வானொலியில் கிரிக்கெட் வருணனை. பொழுது சாயும் வேளையில் பின்வாசற் படியருகே சாய்வு நாற்காலி, தேசிக்காய் பிழிந்த ஒரு குவளை ஜின். அதற்கு முன் ஒரு நீச்சல். கரையோர இராணுவக் காவலரண் இருந்தவரை அந்த நீரில் எவரும் விருப்பம்போல் இறங்க இயலாது; அங்கே கொண்டுபோகப்பட்ட ஆண்கள் பலர் வீடு திரும்பியதுமில்லை. அது அகற்றப்பட்ட மறுநாளே அவர் நீந்தினார். வேலி மறைவில் நின்று பெண்கள் வேடிக்கை பார்த்தனர்.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு பொதுத் தடாகத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் பயிற்றியே நரைத்தவர் ஜூடித். அலை வந்த அன்று ஆண்களைவிடப் பெண்களே அதிகம் மாண்டதையும் அவர் அறிவார். அவர்களுக்கு நீந்தத் தெரியாது. ஆகவே ஆழமற்ற ஓரிடத்தை ஓலைக் கிடுகால் மறைத்து, பெண்களுக்கென்று ஒரு வகுப்பைத் தொடங்கினார்.

"அஞ்சாதீர்கள். நீர் உங்களைத் தாங்கும்" என்றார் முதல் நாள்.

"மிஸ் கதைக்கிறது கோயில்ல பிரசங்கம் வெச்ச மாதிரி இரிக்கு கா" என்று ஒருத்தி கிசுகிசுத்தாள்.

"என்னைத் தாங்காது மிஸ்" என்றாள் காத்தான்குடியிலிருந்து பஸ்ஸேறி வரும் றம்லா. "என்ட புரிசன் சவூதியில இருந்து அனுப்பின காசெல்லாம் சோறாகி என்ட இடுப்புலதான் கிடக்கு."

கிடுகு வேலி அதிரச் சிரித்தார்கள். நிருஷா மட்டும் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வயதுப் பெண். அந்த வீட்டில் முன்பு வாழ்ந்து, அலையில் இறந்துபோன கமலவேணியின் ஒரே தங்கை.

அந்த மாலைகளில் ஒன்றில்தான் புதிய மாணவி வந்தாள்.

வகுப்புக் கலைந்துவிட்டிருந்தது. ஜூடித் துவாயால் தலையைத் துவட்டிக்கொண்டு திரும்பியபோது, வேலியில்லாத நீர்ப்பக்கத்தில் ஒரு பெண் கழுத்தளவு நீரில் நின்றாள். சேலை உடுத்திருந்தாள். கூந்தல் அவளைச் சுற்றி நீரில் விரிந்து கிடந்தது. வாவியோரக் கண்டல் மரங்களின் அடிச்சேறு அழுகும் வாடை காற்றில்லாமலே வந்தது.

"எனக்கும் பழக்கித் தாங்க மிஸ்."

மற்றவர்களின் பார்வைக்குக் கூச்சப்படும் அயல்வீட்டுப் பெண் என்று எண்ணினார் ஜூடித். நீட்டிய கையைப் பற்றினார். குளிர்ந்திருந்தது. அவள் நடுங்கினாள், நீருக்கு அவ்வளவு அஞ்சும் ஒருத்தியை அவர் அதுவரை கண்டதில்லை. முதுகைத் தாங்கி மிதக்கப் பழக்குவதற்குள் இருட்டிவிட்டது.

அன்றிலிருந்து பொழுதுபட்டதும் அவள் வந்தாள். வரும் ஓசையோ போகும் ஓசையோ கேட்டதில்லை. வலக்கையின் விரல்கள் கோணிக் கிடந்ததால், நீரை அள்ளித் தள்ள அவளுக்குக் கை குவியவில்லை. விரல்களைச் சேர்க்க முடியாவிட்டால் முழங்கையை உயர்த்தி இழுக்கலாம் என்று ஜூடித் வழி கண்டார். அவள் விரைந்து கற்றாள். இத்தனை ஊக்கமுள்ள மாணவி வாழ்நாளில் வாய்த்ததில்லை என்று படியருகே குவளையுடன் அமர்ந்து அவர் பெருமிதம் கொண்டார்.

ஒரே ஒரு குறை.

"தலையைத் திருப்பி மூச்செடுக்க வேண்டும், அம்மா. நீங்கள் மூச்செடுப்பதே இல்லை."

நீருக்குள் கவிழ்ந்திருந்த முகம் மெல்ல நிமிர்ந்தது.

"அது வேணாம் மிஸ்."

ஆடி பிறந்ததும் வீட்டுக்காரர், கமலவேணியின் கணவர் வன்னியசிங்கம் வந்தார். அலைக்குப் பின் கடற்பக்கம் இருக்க அஞ்சி, வாவிக்கு அப்பால், மண்டூர்ப் பக்கத்து எதிர்க்கரையில் வயலோரமாக வீடு கட்டிக் குடியேறியவர். தோணியில் வந்தால் நேர் எதிரே. அவரோ எப்போதும் மோட்டார் சைக்கிளில் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றியே வருவார்.

ஜூடித் தேநீரைப் பின்வாசலுக்கு எடுத்துச் சென்றார்.

"உள்ளுக்கே இரிப்பம் மிஸ். அந்தக் காத்து எனக்கு ஒத்துக்காது" என்றார் வன்னியசிங்கம். பின்பு குவளையைப் பார்த்தபடி சொன்னார்: "ஆவணியோட வீட்டை விட்டுத் தரணும்."

"எதன் பொருட்டு?"

"கலியாணம்." அவர் சிரித்தார். "எங்கட ஊர் வழமை உங்களுக்குத் தெரியும்தானே. வீடு பொம்பிளைக்குத்தான். கமலவேணிக்குப் பிறகு அவட தங்கச்சிக்கு. நான் தங்கச்சியக் கட்டினா வீடும் வெளிய போகாது, அவவும் வெளிய போகமாட்டா."

"நிருஷாவுக்குச் சம்மதமா?"

"தாய் சீதேவிப்பிள்ளைக்குச் சம்மதம்" என்று தேநீரை உறிஞ்சினார். "புள்ளையளுக்கு என்ன தெரியும் மிஸ்?"

அன்றைய வகுப்பில் நிருஷா நீரில் இறங்கவே இல்லை. கரைக்கல்லில் அமர்ந்து பாதத்தை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தாள்.

"வா கா, இறங்கு" என்று றம்லா இழுத்தாள். "மாப்பிள்ளை அயிரைமீன் மாதிரி மெலிஞ்ச மனிசன். நீ ஒரு தள்ளுத் தள்ளினா விழுந்திருவார்."

"நான் பழக மாட்டன் மிஸ்" என்றாள் நிருஷா, ஜூடித்தை மட்டும் பார்த்து. "நீந்தப் பழகினாப் பிறகு சாகவும் ஏலாது."

அவள் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அங்கிருந்த அனைவருக்கும் விளங்கிற்று.

அவளுடைய மனத்தைத் திருப்ப எண்ணி ஜூடித் சொன்னார்: "உன்னைவிட அஞ்சிய ஒருத்தி என்னிடம் பயில்கிறாள். கை விரல்கள் கோணியவள். இப்போது மீனைப் போல் நீந்துகிறாள். எந்த வீட்டுப் பெண் என்று உங்களில் யாருக்கேனும் தெரியுமா?"

நிருஷாவின் பாதம் நீரில் அசையாமல் நின்றது.

"எந்தக் கை மிஸ்?"

"வலக்கை."

"மோதிர விரலும் சுண்டு விரலும் பின்னால மடிஞ்சா?"

"ஆம்."

றம்லா வாய்க்குள் ஏதோ ஓதத் தொடங்கினாள்.

"அக்காட உடம்பை அந்தக் கண்டலுக்க இருந்துதான் எடுத்தம்" என்றாள் நிருஷா மெல்லிய குரலில். "அந்த ரெண்டு விரலும் முறிஞ்சு கிடந்த. அலை முறிச்சதெண்டு அத்தான் சொன்னார். அவர் தோணியில ஏறித் தப்பினவர். தோணியில ஒரு கீறல் கூட இல்ல மிஸ்."

அன்று மாலை ஜூடித் பின்கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே அமர்ந்தார்.

வானொலியைத் திருகினார். இரைச்சல் மட்டுமே வந்தது. குவளையில் பனிக்கட்டி கரைந்தது. சுவரின் பழுப்புக் கோடு ஈரமாக மின்னியது. அதிலிருந்து ஒரு துளி திரண்டு, வழிந்து, தரையைத் தொட்டது.

சேற்று வாடை கதவிடுக்கால் நுழைந்தது.

கதவை யாரும் தட்டவில்லை. அழைக்கவுமில்லை. நேரந்தவறாத ஒரு மாணவி வெளியே காத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

இக்கதவைத் திறக்காதிருந்தால் தம் கை தூய்மையாக இருக்கும் என்று ஜூடித் எண்ணினார். ஆவணியில் மேளம் கொட்டும். அதன்பின் ஒரு நாள் இதே கண்டலுக்குள்ளிருந்து இன்னொருத்தியை எடுப்பார்கள். அப்போதும் தம் கை தூய்மையாகவே இருக்கும்.

எழுந்து தாழை நீக்கினார்.

அவள் கழுத்தளவு நீரில் நின்றாள். எதிர்க்கரையில், வயலோரத்து வீட்டில், விளக்கொன்று ஏற்றப்பட்டது. இருவரும் அதைப் பார்த்தனர்.

"உங்கள் விரல்களை முறித்தது அலையா?" என்று கேட்டார் ஜூடித்.

"துடுப்பு மிஸ்."

வாவி ஓர் அலையும் இன்றிக் கிடந்தது.

"ஒரு கையால தோணியப் பிடிச்சிருந்தன். இன்னொருத்தர் ஏறினாக் கவிழும் எண்டார். நான் விடல்ல." எதிர்க்கரை விளக்கைப் பார்த்தபடி கேட்டாள்: "அங்கால போய்ச் சேருவனா மிஸ்?"

ஜூடித் நீரில் இறங்கினார். ஆசிரியர் ஒருவர் கடைசிப் பாடத்தில் செய்வதை எல்லாம் செய்தார். தோளை நேராக்கினார். கால்களைத் தாழ விடாமல் உதைக்கச் சொன்னார். விளக்கை மட்டும் பார்த்துச் செல்லும்படி சொன்னார். பின்பு அவளுடைய குளிர்ந்த வயிற்றின் கீழிருந்து தம் கையை எடுத்தார்.

அவள் மிதந்தாள்.

அவள் நீந்தினாள்.

நீரில் ஒரு நேர்கோடு எதிர்க்கரையை நோக்கி நீண்டுகொண்டே போயிற்று. நெடுநேரம் கழித்து, அங்கே விளக்கு அணைந்தது.

மறுநாள் செய்தியை றம்லாதான் கொண்டுவந்தாள். பஸ்ஸிலிருந்து ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"மாப்பிள்ளை கட்டில்லயே செத்துக் கிடக்கார் மிஸ்! கதவு உள்ளுக்குப் பூட்டு. பாய், தலகணி எல்லாம் தொப்பையா நனைஞ்சு கிடக்காம். ஆளைப் புரட்டின நேரம் வாயால உப்புத்தண்ணி, நிக்காம வந்ததாம். வயல் நடுவுல இரிக்கிற வீட்டுக்குள்ள ஏது மிஸ் உப்புத்தண்ணி?"

"மருத்துவர் என்ன சொன்னார்?"

"மாரடைப்பாம்." றம்லா குரலைத் தாழ்த்தினாள். "மாரடைப்புக்குப் பத்து விரலும் முறியுமா மிஸ்?"

ஜூடித் அவளுக்குத் தேநீர் ஊற்றினார்.

சாவுத்துடக்குக் கழிந்ததும் நிருஷா வகுப்புக்கு வந்தாள். ஒரு சொல்லும் பேசாமல் நீரில் இறங்கி, வேலியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, வாயால் நீரைக் கொப்பளித்துக்கொண்டு, கோணல் மாணலாக நீந்திக் கடந்தாள். பெண்கள் கைதட்டினார்கள். கரையேறியதும் அவள் முதன்முறையாகச் சிரித்தாள்.

"இந்த வீடு என்டதான் மிஸ். நீங்க விரும்புற வரைக்கும் இரிங்க."

அன்று மாலை எல்லோரும் போன பின், ஜூடித் சாய்வு நாற்காலியில் கால் நீட்டினார். கடமை நிறைவேறியவள் இனி வரமாட்டாள் என்பது அவர் எண்ணம். நிம்மதியாகவும், சொல்லப்போனால் சற்று வெறுமையாகவும் இருந்தது. குவளையை உதட்டருகே கொண்டுபோனார்.

தவளைகள் ஓய்ந்தன.

சேற்று வாடை வந்தது. முன்பு ஒருபோதும் இவ்வளவு அடர்த்தியாக வந்ததில்லை.

ஜூடித் நிமிர்ந்து பார்த்தார்.

வாவி நிறையத் தலைகள்.

கரையோரம் பெண்கள் கழுத்தளவு நீரில் வரிசை வரிசையாக நின்றனர். சிலர் இடுப்பில் குழந்தைகள். கமலவேணி அவர்களிடையே நடந்து, இடிக்காமல் நிற்கும்படி ஒவ்வொருவரையும் கையால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். ஒருவரும் ஜூடித்தைப் பார்க்கவில்லை. ஒருத்தி காத்தான்குடிப் பக்கம் பார்த்தாள். ஒருத்தி எதிர்க்கரையைப் பார்த்தாள். ஒவ்வொருத்தியும் தனக்கென்று ஒரு திசையைப் பார்த்திருந்தாள்.

அவர்களுக்கும் அப்பால், இருள் தொடங்கும் இடத்தில், ஆண்கள் நின்றனர். பெண்களின் வகுப்பு என்பதால் மரியாதையாக முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றனர். அதனால்தான் ஜூடித்துக்கு அவர்களுடைய கைகள் தெரிந்தன.

ஒவ்வொருவரின் கைகளும் முதுகுக்குப் பின்னால் கட்டப்பட்டிருந்தன.

"இவர்கள் எவ்வாறு நீந்துவார்கள்?" என்று வாய்விட்டே கேட்டார் ஜூடித்.

பெண்கள் விலகி அவருக்கு வழிவிட்டனர்.

அவர் குவளையைப் படியில் வைத்துவிட்டு நீரில் இறங்கினார். அருகில் நின்ற இளைஞனின் பின்னால் போய் நின்று, ஊறி இறுகிய முடிச்சை நகத்தால் நெகிழ்த்தத் தொடங்கினார்.