ஐந்தாவது டயரின் தேதி

டிக்கியில் கிடந்த ஸ்டெப்னி டயர் வெதுவெதுப்பாக இருந்தது.

அவள் கையை எடுத்து, அழுக்குத் துணியில் துடைத்துக்கொண்டு, மறுபடி வைத்துப் பார்த்தாள். வெயில் நாளாக இருந்தால், தகரக் கூரைக்குக் கீழே பட்டறை அடுப்பு மாதிரி கொதிக்கிறது என்று விட்டுவிடலாம். ஆனால் விடிந்ததிலிருந்து மழை. மற்ற நான்கு டயர்களும் கிணற்றுக் கல் போலச் சில்லென்று இருந்தன. இது மட்டும் காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி மாதிரி இருந்தது.

"அத்தான், இந்த ஸ்டெப்னிய யாராவது எடுத்தீங்களா?" என்று கத்தினாள்.

முன்பக்க ஆபீஸ் அறையிலிருந்து அத்தானின் குரல் வந்தது. "அத ஏன் பாப்பா நோண்டற? நாலு சக்கரம்தான் தரையில நிக்குது. நாலுக்கு எழுதிக் குடுத்தா போதும்."

"சான்றிதழ்ல அஞ்சு கட்டம் இருக்கு அத்தான்."

"அஞ்சாவதுல கோடு போட்டுடு. பெரிய டயர் ஜோசியக்காரி!" என்று சிரித்தார்.

அவளும் சிரித்தாள். முப்பத்தொன்பது வயதிலும் அத்தானுக்கு அவள் பாப்பாதான். அவளுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது அக்கா வீட்டை விட்டுப் போய்விட்டாள். தாய் தகப்பன் இல்லாத மைத்துனியைத் தள்ளிவிடாமல், படிக்க வைத்து, கல்யாணமும் பண்ணிக்கொடுத்தவர் அத்தான். "கட்டினவளே காறித் துப்பிட்டுப் போன பிறகும், அவ தங்கச்சிக்குச் சோறு போடறான் பாரு" என்று ஊரே மெச்சியது.

அந்தப் பட்டறையில் பழைய கார்களுக்கு உயிர் கொடுப்பார் அத்தான். அந்தக் கார்களின் டயர்கள் எப்போது பிறந்தவை என்று படித்துச் சொல்வது அவள் வேலை. பழைய கார் கண்காட்சிகளில் நடுவர்கள் அவள் கையெழுத்தைப் பார்த்தால் மறுபேச்சுப் பேசுவதில்லை. பழைய டயரில் தேதி மூன்றே இலக்கம். முதல் இரண்டும் வாரம், கடைசி ஒன்று வருடம். 147 என்றால், ஏழில் முடியும் ஏதோ ஒரு வருடத்தின் பதினான்காவது வாரம். எந்த ஏழு என்று டயர் சொல்லாது. வண்டியின் கதையை வைத்துத்தான் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் மட்டும் சில கம்பெனிகள் பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணம் போட்டு வைத்தன.

இந்தப் பச்சைக் காரின் கதையை அத்தான் சொல்லியிருந்தார். எண்பத்தேழில் நிறுத்திய கார், எங்கோ ஒரு மாட்டுக் கொட்டகையில் கிடந்து கிடைத்தது. நான்கு டயரிலும் 147. முக்கோணம் இல்லை. அவள் காருக்கடியில் மல்லாந்து படுத்து, உட்புறத்தில் இருந்த தேதிகளை டார்ச் அடித்துப் பார்த்து, "எண்பத்தேழு" என்று நான்கு கட்டங்களிலும் எழுதி, வழக்கம்போல ஒவ்வொன்றுக்கும் கீழே இரட்டை அடிக்கோடு போட்டுவிட்டாள்.

ஐந்தாவது கட்டம் காலியாக இருந்தது. பாதி வேலை அவளுக்கு ஆகாது.

ஸ்டெப்னியைப் பிடித்திருந்த நட்டு துருவேறி இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டு, ஸ்பேனரில் தன் எடை முழுவதையும் போட்டுத் திருப்பினாள். டயரைத் தூக்கியபோது அடியிலிருந்து ஒரு வாசனை எழுந்தது. ரப்பர் இல்லை, துரு இல்லை. எலுமிச்சை சோப்பு. இதே பட்டறையில் டயர் வேலை பார்த்த அக்கா, கையில் ஒட்டிய கிரீஸ் போகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவும் அதே சோப்பு. அந்தச் சோப்பைக் கடையில் பார்த்தே இருபது வருடம் ஆகியிருக்கும்.

டயரைத் தரையில் சாய்த்து டார்ச்சை அடித்தாள்.

227.

பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணம்.

தொண்ணூற்றேழு. இருபத்திரண்டாவது வாரம்.

எண்பத்தேழில் நிறுத்திய காருக்குள் தொண்ணூற்றேழில் பிறந்த டயர். சரி, யாராவது பிறகு போட்டிருக்கலாம். அப்படித்தான் நினைத்துக்கொண்டு காருக்கடியில் மறுபடி நுழைந்தாள். 147-க்குப் பக்கத்தில், நான்கிலும் ஒரே இடத்தில், கட்டை விரல் அகலத்துக்கு ரப்பர் மழமழவென்று இருந்தது. காலையில் தடவியபோது, நடைபாதைக் கல்லில் உரசியிருக்கும் என்று விட்டுவிட்டாள். இப்போதுதான் உறைத்தது. வெளிப்பக்கம் உரசும். உள்பக்கம் எந்தக் கல்லில் போய் உரசும்?

யாரோ உப்புத்தாள் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். முக்கோணத்தை மட்டும்.

அவள் மெதுவாக எழுந்து டிக்கிக்குள் எட்டிப் பார்த்தாள். டயர் படுத்திருந்த பள்ளத்தில் பச்சைப் பெயின்ட் படவில்லை. அங்கே காரின் பழைய நிறம் அப்படியே இருந்தது.

சந்தன நிறம்.

அக்கா ஏறிப் போன காரின் நிறம்.

அவள் தொழிலில் எல்லாமே வாரக்கணக்குதான். அக்கா போனது தொண்ணூற்றேழின் இருபதாவது வாரம். "கார எடுத்துக்கிட்டு எவனோடயோ போயிட்டா. அவ போக்குல விட்டுடுங்க" என்று அத்தான் வாசலில் நின்று ஊருக்குச் சொன்ன வாரம். அதற்கு இரண்டு வாரம் கழித்துப் பிறந்த டயர், போன காரின் டிக்கிக்குள் எப்படி வந்தது?

கார் போகவே இல்லை.

இந்தச் சான்றிதழில் அவள் கையெழுத்து விழுந்தால், இது வேறு கார் ஆகிவிடும். எண்பத்தேழில் செத்துப்போன, யாருடையதோ ஆன பச்சைக் கார். அக்காவின் காரை அழிக்க அக்காவின் தங்கையையே உட்கார வைத்திருக்கிறார். கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, பாப்பா என்று சொல்லி.

அவளுக்கு அழுகை வரவில்லை. இத்தனை வருடம் தின்ற சோறு கசந்தது.

அப்போது டயர் மூச்சு விட்டது.

வால்வு மூடி எப்போது கழன்றதோ தெரியவில்லை. உஸ்ஸென்று காற்று வந்தது. ஆனால் சீராக வரவில்லை. வந்தது. நின்றது. மறுபடி வந்தது. எலுமிச்சை வாசனையோடு, வெதுவெதுப்பாக.

ஓடிவிட வேண்டும் என்று கால் சொன்னது. கை கேட்கவில்லை. கடப்பாரை போன்ற டயர் லீவரை எடுத்து ரிம்முக்கும் ரப்பருக்கும் நடுவே குத்தி நெம்பினாள். வாய் திறந்தது. உள்ளே டியூப் இல்லை. வெறும் இருட்டு. டார்ச்சை நுழைத்தாள்.

மஞ்சள் எழுத்து.

டயர் மாட்டுகிற அன்றைக்கு, உட்புறத்தில் மஞ்சள் மெழுகுக் குச்சியால் தேதி எழுதி, சுற்றி ஒரு வட்டம் போடுவது அக்காவின் பழக்கம். "நாளைக்கு இதப் பிரிக்கறவனுக்கு நான் ஒரு வணக்கம் வைக்கறேன்டி" என்பாள். இதோ, 12-6-97. வட்டத்தோடு. போய்விட்டதாகச் சொல்லி ஒரு மாதம் கழித்து.

அப்படியென்றால் அந்த ஒரு மாதம் இங்கேயே இருந்திருக்கிறாள்.

டயரைச் சுழற்றினாள். 12-6-98. வட்டம். 12-6-99. வட்டம். துருவேறிய நட்டுக்கு அடியில், யாரும் பிரிக்காத டயருக்குள், வருடத்துக்கு ஒன்றாக வரிசையாக வந்துகொண்டே இருந்தது. எழுத்து போகப் போகச் சிறுத்தது. கோணியது. வட்டம் மட்டும் விடாமல்.

கடைசித் தேதியில் டார்ச் நின்றது.

இன்றைய தேதி.

மெழுகு இன்னும் பிசுபிசுத்தது. அதைச் சுற்றி வட்டம் இல்லை.

கீழே இரட்டை அடிக்கோடு.

பின்னால் செருப்புச் சத்தம். திரும்பினாள். பட்டறைக்கும் ஆபீஸ் அறைக்கும் நடுவே இருந்த ஷட்டருக்கு அந்தப் பக்கம் அத்தான் நின்றிருந்தார். முகத்தில் கோபமில்லை. வருத்தம்தான் இருந்தது, சாப்பாட்டில் உப்பு கூடிப்போன மாதிரி ஒரு சின்ன வருத்தம்.

"நாலு போதும்னு சொன்னேன்ல பாப்பா."

"அக்கா எங்க அத்தான்?"

"அவளும் இப்படித்தான். ஒண்ணு சொன்னா கேக்க மாட்டா."

ஷட்டர் கடகடவென்று இறங்கியது. பூட்டு விழுந்தது. அவள் ஓடிப்போய்த் தகரத்தில் அறைந்தாள். தெருவுக்குப் போகுமுன் மழை அந்தச் சத்தத்தைத் தின்றுவிட்டது.

ஆபீஸ் மேஜையில் அவள் வைத்துவிட்டு வந்த செல்போன் அடித்தது. ஐந்தாறு முறை அடித்து நின்றது. யாரோ எடுத்தார்கள்.

"சொல்லுங்க மாப்ள." அத்தானின் குரல், தழுதழுத்து. "பாப்பாவா? அத எப்படிச் சொல்றது… காலையிலயே கிளம்பிட்டாளே. ஒரு கார் வந்துச்சு. எவனோடயோ போயிட்டா. அவ போக்குல விட்டுடுங்க."

கத்த வாயைத் திறந்தாள். வாய்க்குள் ரப்பர் வாசனை.

டார்ச் கையிலிருந்து நழுவி, உருண்டு போய்க் காருக்கடியில் நின்றது. அந்த வெளிச்சத்தில் தன் கைகளைப் பார்த்தாள். மெழுகுக் குச்சியை அவள் தொட்டே இருபத்தெட்டு வருடம் ஆகிறது.

பத்து நகங்களுக்கடியிலும் மஞ்சள்.

பச்சை பூசிய அந்தச் சந்தன நிறக் கார் மெல்ல ஏறி, இறங்கியது. நான்கு சக்கரங்களுக்குள்ளும், ரப்பரின் அந்தப் பக்கத்திலிருந்து, யாரோ நிதானமாக எழுதத் தொடங்கினார்கள்.