அழைப்புமணிக்குள் ஒரு குரல்

குன்னூரில் மத்தியான மழை பிடித்துக்கொண்டால் யூனிஸுக்கு இப்போதும் அந்த வருடம்தான் ஞாபகம் வரும்... அந்தத் தெருவும், அந்த நீலக் கதவும், அந்தக் குரலும்.

அன்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தாள். குடை இல்லை. திடீர் மழைக்குத் தெருமுனை வீட்டுக் கூரையடியில் ஒதுங்கினாள். யாருமில்லை என்ற தைரியத்தில், சர்ச்சில் பாட வேண்டிய பாட்டை மெல்லப் பாடிப் பார்த்தாள்.

"ஏனுங்க... கொஞ்சம் உள்ளே தள்ளி நில்லுங்க. நனையறீங்க."

தூக்கிவாரிப் போட்டது. பேசியது கதவோரத்து அழைப்புமணி! அதில் சின்னதாக ஒரு கேமரா.

நீலக் கதவு திறந்தது. கையில் துண்டோடு ஒருவன். கலைந்த தலை. சிரிக்கலாமா வேண்டாமா என்று தயங்கும் கண்கள்...

"நான் பாடினது கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க. நல்லா இருந்துச்சு. அதுல பதிவும் ஆயிருக்கும்."

"யாரைக் கேட்டுப் பதிவு பண்ணுனீங்க?"

அவன் முகம் சுருங்கியது. அவள் எதிரிலேயே போனில் அதை அழித்துக் காட்டினான். அவளோ துண்டை வாங்காமல் மழையில் இறங்கி நடந்தாள்.

அவன் பெயர் பிரைட்டன். தெருவில் பாதி வீடுகளுக்குக் கேமராவும் பேசும் மணியும் மாட்டிக் கொடுத்தவன் அவன்தான். கனிஷ்காவுக்கு ஒரு சிக்கல் வந்தபோதுதான் யூனிஸுக்கு இதெல்லாம் தெரியவந்தது.

கனிஷ்கா பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண். தன் வீட்டு கேட் அருகே, கூடப் படிப்பவனோடு நின்று பேசியதை எதிர்வீட்டுக் கேமரா படம் பிடித்தது. எதிர்வீட்டுக்காரர் அதைத் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். "இனி காலேஜ் வேண்டாம்" என்றார் அவள் அப்பா ஆறுச்சாமி.

யூனிஸ் வீடு வீடாக ஏறி இறங்கினாள். சர்ச் ஹாலில் கூட்டம் கூட்டினாள்.

"நம்ம தெருவுக்கு நாமளே ஒரு விதிமுறை வைப்போம். கேமரா அவங்கவங்க வாசலை மட்டும்தான் பாக்கணும். பேச்சைப் பதிய வேண்டாம். அடுத்தவங்க படத்தை அவங்க சம்மதமில்லாம யாருக்கும் அனுப்பக் கூடாது."

பிரைட்டன் எழுந்தான். "அனுப்புனது மனுசன். என் தொழிலை ஏனுங்க இழுக்கறீங்க?"

"மாட்டும்போது, இது யாரையெல்லாம் பாக்கும்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

ஹாலில் பலரும் விதிமுறைக்குக் கை தூக்கினார்கள். அவன் விறுவிறுவென்று வெளியேறினான். யூனிஸுக்கு ஜெயித்தும் சந்தோஷமில்லை. அடிபட்ட அந்தக் கண்களே நெஞ்சில் நின்றன...

சில நாளில் கனிஷ்கா ஓடிவந்தாள். "அக்கா! பிரைட்டன் அண்ணன் எங்க ஊட்டுக்கு வந்தாருங்க. 'கேமராவைத் தெருவைப் பாத்து மாட்டினது நான்தாங்க. திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க, பாப்பா படிப்பைக் கெடுக்காதீங்க'ன்னு அப்பாகிட்ட நின்னாருக்கா!"

ஆறுச்சாமி திட்டத்தான் திட்டினார். ஆனால் திங்கட்கிழமை கனிஷ்கா பையோடு காலேஜுக்குப் பஸ் ஏறினாள்.

அன்று வெளியே வந்து பார்த்தாள் யூனிஸ். எதிர்வீட்டில் ஏணி மேல் நின்று, கேமராவைத் திருப்பிக்கொண்டிருந்தான் அவன். அவளைக் கண்டதும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

அடுத்த கூட்டத்துக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். மாட்டுவதற்கு முன் அக்கம்பக்கத்தைக் கேட்க வேண்டும் என்ற விதி அவன் சொன்னது. மற்ற தெருக்களுக்கும் சேதி பரவியது. பக்கத்து ஊரான அருவங்காட்டுக் குடியிருப்பிலும் வந்து விளக்கச் சொன்னார்கள். இருவருமே போனார்கள்.

பேசி முடித்துத் தேயிலைச் சரிவோரமாகப் பஸ்ஸுக்கு நடந்தார்கள். பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு சொல்லட்டுங்களா... கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொன்னாத்தானே தெரியும்."

"நீங்க சொன்னது நியாயம்னுதான் முதல்ல வந்தனுங்க. ஆனா இன்னைக்கு..." பிரைட்டன் தேயிலைக் கொழுந்தொன்றைக் கிள்ளினான். "இன்னைக்கு உங்ககூட இப்படி நடந்து வரத்தான் வந்தேன். எனக்கு உங்களை ரொம்பப் புடிச்சிருக்குங்க, யூனிஸ்."

கன்னம் சுட்டது அவளுக்கு. அந்தக் குளிரிலும்...

"இங்கே எங்கேயாச்சும் கேமரா இருக்குதா?"

அவன் நிஜமாகவே சுற்றும் முற்றும் பார்த்தான். "ஒண்ணுகூட இல்லீங்க."

"அப்பச் சரி..." என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும்தாங்க."