தசரதனுக்கு மட்டும் சீழ் வைக்கவில்லை

1991 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சுகாதார ஆய்வாளர் புருஷோத்தமனின் அலுவலகத்துக்குள் செங்கமலம் ஓடிவந்தாள். படப்பையில் ஒரு சின்னத் தனியார் மருத்துவமனையில் அவள் ஆயா.

"சார், ஆபரேஷன் பண்ண மூணு பேருக்கு சீழ் வச்சிடுச்சி. எந்த ஊசிக்கும் கேக்கல. அதுல பிள்ளைப்பாக்கம் மாரி செத்தே பூட்டான். நான் ஒழுங்கா தொடைக்கலன்னு ஷாரோன் சிஸ்டர் எம்மேல பழி போடுது. இன்னிக்கு அதே ரூம்ல என் பொண்ணு எழிலரசிக்கு ஆபரேஷன்! புள்ள குறுக்கால கீது. பதினோரு மணிக்கு டாக்டர் வந்துடுவாரு."

மணி ஒன்பதே முக்கால். வேறு ஊருக்குக் கொண்டுபோக நேரமில்லை. புருஷோத்தமன் மொபெட்டைக் கிளப்பினார். பின்னால் உதவியாளன் அன்பு தொற்றிக்கொண்டான். கொசு செத்துக் கிடந்தாலும் கொலையா என்று கேட்கிற ஆள்.

அங்கே அன்பு துடைப்பத்தை முகர்ந்தான், கத்திகள் கொதிக்கும் பாத்திரத்தைப் பார்த்தான், தரையைத் தடவினான். எல்லாம் படு சுத்தம். தப்பு கிடைக்காததில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

"மூணு பேருக்கும் ஒரே கிருமின்னு மெட்ராஸ் லேப் சொல்லுது," என்றார் கேஸ் கட்டைப் புரட்டிய புருஷோத்தமன். "சீழ் வச்சவங்கள விடுங்க. வைக்காதவங்க யாராவது இருக்காங்களா?"

"தசரதன்," என்றாள் தலைமை நர்ஸ் ஷாரோன். "குடலிறக்கம். அதே வாரம், அதே டேபிள், அதே கத்தி. நல்லபடியா வீட்டுக்குப் போயிட்டார்."

தசரதனின் கேஸ் தாளில் சிவப்பு மையில் ஒரு வரி: 'லோஷன் பட்டால் உடம்பு தடிக்கும். ஸ்பிரிட் மட்டும்.'

புருஷோத்தமன் அலமாரியிலிருந்து கிருமி கொல்லும் மஞ்சள் லோஷன் பாட்டிலை எடுத்தார். கழுத்தின் உள்ளே பாசிபோல வழவழவென்று ஒரு வளையம்.

"சிஸ்டர், இது கடைசியா எப்போ காலியாச்சு?"

"காலியாகவே விடமாட்டேன் சார். பாதி குறைஞ்சதும் புது லோஷன்ல தண்ணி கலந்து மேலயே ஊத்தி நிறைச்சுடுவேன்." குரலில் பெருமை இருந்தது.

"அன்பு, தயிர்ச் சட்டியக் கழுவாம அதுலயே பால ஊத்தினா இன்னா ஆவும்?"

"தயிராயிடும் சார்."

"அதேதான். நீர்த்துப்போன மருந்துல சாகாம தப்பிச்ச கிருமி பாட்டில்லயே தங்கிடுச்சு. ஊசி மருந்துக்கும் அது அடங்கல. கத்தி வைக்கிற எடத்துல முதல்ல தடவறதே இந்த லோஷனத்தான். தசரதனுக்கு மட்டும் தடவல."

"வேலியே பயிர மேஞ்சிருக்கு," என்றான் அன்பு.

ஷாரோனின் முகம் வெளுத்தது. உள்ளே எழிலரசி வலியில் கத்தினாள். டாக்டரின் கார் வாசலில் நின்றது.

அந்தப் பாட்டிலை அன்பு பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டான். எழிலரசியின் வயிற்றை ஸ்பிரிட்டால் துடைத்தார்கள். பதினொன்றே முக்காலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை. மாரிக்குக் காய்ச்சல் கண்டது நான்காம் நாள்தான்.

செங்கமலம் மகளின் நெற்றியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. மூன்றாம் நாள் லேப் அறிக்கை வந்தது: பாட்டிலிலும் அதே கிருமி. தினமும் மிச்சத்தைக் கொட்டி, பாட்டிலைக் கழுவி, கொதிக்க வைத்து, காயவைத்து, தேதி எழுதிப் புது லோஷன் ஊற்ற வேண்டும் என்று புருஷோத்தமன் உத்தரவு எழுதினார். ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தபோது தையல் உலர்ந்திருந்தது. செங்கமலம் வாய்விட்டு அழுதாள்.

"இதோட விட்டுடலாமே, வெளியில சொல்ல வேண்டாம்," என்றார் டாக்டர்.

ஷாரோன் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "பிள்ளைப்பாக்கத்துல மாரி வீடு எங்க இருக்கு? அவங்க அம்மாகிட்ட நானே சொல்லணும்."

செங்கமலம் குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"தனியாப் போவாத சிஸ்டர். நானும் வரேன்."