அண்ணாவின் கால் வளையமும் சித்தப்பாவின் ஸ்பனரும்

“தொடாதேங்கோ சித்தப்பா! கையை எடுங்கோ!”

“கத்தாதை சாம்பவி. நட்டெல்லாம் கழண்டு வருது. பார், போன கிழமையை விட வளையம் ரெண்டும் விலகிப் போச்சு!”

இதில் சிக்கல் என்னவென்றால், சித்தப்பா சொன்னது எனக்கும் சரி போலத்தான் இருந்தது.

ஞானேந்திரன் சித்தப்பா சென்ட் லோரன்ட் பகுதியில் விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். தளர்ந்த நட்டைக் கண்டால் அவருக்குக் கை துறுதுறுக்கும். எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் கதவுப் பிடியை இறுக்குவார். பிறகுதான் தேநீர். அன்று அவர் கண்ணில் பட்டது நிதுசன் அண்ணாவின் கால்.

அண்ணா சைக்கிளால் விழுந்து கால் எலும்பை உடைத்துக்கொண்டவன். எலும்பு ஒட்டியது, ஆனால் அந்தக் கால் மற்றதைவிடக் கட்டையாகிவிட்டது. அதைச் சரிசெய்ய டாக்டர் மறுபடியும் எலும்பை வெட்டி, காலைச் சுற்றி வெளியே வளையங்களைப் பூட்டினார். வளையங்களிலிருந்து மெல்லிய கம்பிகள் தோலுக்குள் போய் எலும்பைப் பிடித்திருக்கும். அம்மா தினமும் வளையங்களுக்கு இடையில் உள்ள நட்டுகளைக் கொஞ்சம் திருப்புவார். எந்தப் பக்கம் என்று காட்ட அம்புக்குறி ஒட்டியிருந்தது.

“உடைஞ்ச சாமானை ஒட்டுறதெண்டால் நெருக்கிப் பிடிக்கவேணும். இழுத்தால் எப்பிடி ஒட்டும்? அம்பை ஆரோ மாறி ஒட்டிப்போட்டாங்கள்” என்றார் சித்தப்பா.

“எனக்கு நோகுது சித்தப்பா. இறுக்கினால் குறையுமெண்டால் இறுக்குங்கோ” என்றான் அண்ணா.

சித்தப்பா விமானத்துக்கே நட்டுப் பூட்டுகிறவர். நான் ஐந்தாம் வகுப்பு. ஆனால் அண்ணாவின் கால் விமானம் இல்லையே! பிழையாகத் திருப்பி, கால் கட்டையாகவே நின்றுவிட்டால்?

நட்டை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அம்மாவுக்கு அழைத்தேன். அவர் வேலை செய்யும் கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளைத் தூங்கவைக்கும் நேரம், எடுக்கவில்லை. உடனே குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த மருத்துவமனை எண்ணுக்கு அழைத்தேன்.

“போன்ஜூர்” என்றார் ஒரு தாதி. நான் பள்ளியில் பேசும் பிரெஞ்சில் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். அவர் சொன்னதைத் தமிழில் சித்தப்பாவுக்குச் சொன்னேன்.

“அம்பு சரியாம். மெல்ல மெல்ல இழுத்தால் இடைவெளியிலை புது எலும்பு வளருமாம். இறுக்கினால் அது நசுங்கிப் போகுமாம். அண்ணாவுக்கு நோவு மாத்திரை குடுக்கட்டாம். குறையாட்டி உடனே கூட்டிக்கொண்டு வரட்டாம்.”

“சும்மா கதை! இழுத்தால் வளருமெண்டு ஆர் கண்டுபிடிச்சது? கேள்.”

கேட்டேன். தாதி சிரித்துக்கொண்டே சொன்னார். சைபீரியாவில் இலிசரோவ் என்றொரு டாக்டர் இருந்தாராம். வளையங்களோடு சைக்கிள் சில்லுக் கம்பிகளையும் வைத்து இந்த வேலையைத் தொடங்கினாராம்.

“சைக்கிளால விழுந்த காலுக்குச் சைக்கிள் கம்பியோ!” என்று அண்ணா வலியிலும் சிரித்தான்.

அந்த டாக்டரும் முதலில் எலும்பை நெருக்கத்தான் பார்த்தாராம். ஒரு நோயாளி நட்டை எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டார் என்றும், எக்ஸ்ரே எடுத்தால் விலகிய இடத்தில் புது எலும்பு இருந்தது என்றும் சொல்வார்களாம்.

சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. “பாத்தியே! அந்தாள் மாறித் திருப்பி நல்லது நடந்தது. நானும் ஒருக்கா...”

“வேண்டாம்!” அண்ணாவும் நானும் ஒன்றாகக் கத்தினோம்.

சித்தப்பா ஸ்பனரைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, இரண்டு கைகளின் மேலும் ஏறி உட்கார்ந்துகொண்டார். “கொம்மா வரும்வரை இப்பிடியே இருக்கிறன். அதுதான் பாதுகாப்பு.”

அடுத்த எக்ஸ்ரேயை டாக்டர் எங்களுக்குக் காட்டினார். இடைவெளிக்குள் வெள்ளையாய், மங்கலாய், பஞ்சு மாதிரி ஒன்று. புது எலும்பு! அண்ணா அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு இன்னும் ஒரு குழப்பம். மாறித் திருப்பிய அந்த நோயாளியின் பெயர் நான் கேட்ட யாருக்கும் தெரியவில்லை. அவர் செய்தது பிழையா, கண்டுபிடிப்பா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?