நான்கு சிமிட்டல், ஏழு சிமிட்டல்

உடம்பு அதேதான், முகம் அதேதான். ஆனால் உள்ளே வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவள் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கையிலிருந்த டார்ச்சை அணைத்து மறுபடி எரியவிட்டு, சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்தாள். ஐம்பதாவது நொடியில் வெளிச்சம் தானாகவே தணிந்து, திட்டு வாங்கிய பிள்ளையின் முகம்போல் சுருங்கிப்போனது. நேற்று இதே டார்ச் பன்னிரண்டு நிமிடம் முழு வெளிச்சத்தில் எரிந்தது.

மணி 1.40. நான்கு மணிக்கு மீட்புக் குழுவின் தலைவி வருகிறாள். வெள்ளத்திலும் இடிபாடுகளிலும் ஆட்களைத் தேடிப் போகிற குழு. நாற்பது டார்ச் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். சோதனை ஒன்றுதான்: கையைச் சுடாமல், தணியாமல், பத்து நிமிடம் முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும். தவறினால் அவர்கள் வேறிடம் போய்விடுவார்கள்.

எல்.இ.டி.க்கு எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்று முடிவு செய்கிற காசளவு டிரைவர் போர்டு அவள் வரைந்தது. அந்தப் போர்டில் இருக்கும் சில்லுக்கு எப்போது எரி, எப்போது தணி என்று சொல்கிற நிரலும் அவள் எழுதியது. இரண்டு வருடத்து மாலை நேரங்கள் அதற்குள் இருந்தன. இதுவரை வாங்கியவர்கள் எல்லாரும் அவளைப் போன்ற டார்ச் பைத்தியங்கள். வெளிச்சம் உண்மையிலேயே தேவைப்படுகிற ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை.

சுவிட்சுக்கு அடியில் அவள் வைத்திருந்த மங்கலான பச்சைப் புள்ளியைக் காணோம். அவள் அமைத்துவைத்த அத்தனையும் அழிந்திருந்தது. மூன்று முறை அமுக்கினாள். அப்படி அமுக்கினால் டார்ச் தன் சூட்டைச் சிமிட்டிச் சொல்லும்.

நான்கு சிமிட்டல். ஓர் இடைவெளி. ஏழு சிமிட்டல்.

நாற்பத்தேழு டிகிரி. மேஜை மேலிருந்த வெப்பமானி முப்பது காட்டியது. உள்ளங்கையிலும் டார்ச் அப்படியொன்றும் சூடாக இல்லை.

“என்ன, மூஞ்சி ஃபியூஸ் போன மாதிரி இருக்கு?”

கணவர் வாசலில் நின்றார். ஜன்னல் பொருத்துகிற வேலை அவருக்கு. இடுப்பில் இரும்பு டேப் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. காலையில்கூட அதை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்தில் எதையோ அளந்துகொண்டிருந்தார்.

“யாரோ இதை ரீசெட் பண்ணிருக்காங்க.”

“அதுவா ஆயிடாதா?”

“ஆகாது. சுவிட்சை அமுக்கிக்கிட்டே பின்மூடியைக் கழட்டித் திரும்ப மாட்டணும். ரெண்டு கையும் ஒரு மனசும் வேணும்.”

“அது யாருக்கெல்லாம் தெரியும்?”

“எனக்கு. கடைசல்காரருக்கு. உங்க தங்கச்சிக்கு.”

“எனக்கு?”

“போன வாரம் ரிமோட்ல பேட்டரியைத் தலைகீழாப் போட்டது யாரு?”

“சரி, ஒரு ஆள் கழிஞ்சது” என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். துப்பறிவது என்றால் அவருக்குச் சாப்பாடு வேண்டாம். “நேரத்தைச் சொல்லு.”

சொன்னாள். 10.30: டார்ச்சின் அலுமினிய உடம்பைக் கடைந்து தருகிற கடைசல்காரர், சட்டைப்பையில் செருகும் கிளிப்பை மாட்ட அதைத் தன் வேனுக்கு எடுத்துப்போனார். 10.45: அவள் கூரியர் அலுவலகத்துக்குக் கிளம்பினாள். ஒரு மணிக்குத்தான் திரும்பினாள்.

மீதி நேரத்தில் நடந்ததை அவர் சொன்னார். 11.05: கடைசல்காரர் டார்ச்சைக் கொண்டுவந்து மேஜையில் வைத்ததைப் பார்த்தார். அதன்பிறகு மாடி வராந்தாவில் வேலையாக இருந்தார். 11.15: கீழே பூக்கடை வைத்திருக்கும் தங்கை மேலே வந்து கத்தரிக்கோல் எடுத்துப்போனாள். 12.20: அதைத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

“கத்தரிக்கோலா? கடைல பத்து இருக்குமே” என்றாள்.

“கூர் போயிருக்கும். விஷயத்துக்கு வா.”

அவள் மேஜையைப் பார்த்தாள். டார்ச்சை நிறுத்தி வைத்திருந்த நோட்டின் ஓரத்தில் அரை வட்டமாக ஈரம் பட்டுக் காய்ந்திருந்தது. டார்ச்சை அமைப்பதற்காக அவள் எழுதிவைத்திருந்த எண்கள் நீலமாகக் கசிந்திருந்தன.

“என் நோட்டு மேல தண்ணி கிளாஸ் வச்சீங்களா?”

“உன் மேஜைலயா? போன தடவை வாங்கிக் கட்டிக்கிட்டது போதாதா எனக்கு? கிட்டயே வரல.” பிறகு தொடையில் தட்டினார். “ஏய், நாற்பத்தேழுன்னு சொல்லுதுல்ல? சூடான இடத்துல வச்சு ரீசெட் பண்ணிருக்காங்க. அந்தச் சூடு அதோட மண்டைல ஏறிடுச்சு. வெயில்ல நின்னது எது? வேன்!”

அவள் தடுப்பதற்குள் போனை எடுத்துக் கடைசல்காரரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

“வேன் எங்க நின்னுச்சு?”

“உங்க வாசல்லதான். வெயில்ல. உள்ள வறுத்தெடுத்திடுச்சு. ஏன்?”

“டார்ச் எவ்வளவு நேரம் உங்ககிட்ட இருந்துச்சு?”

“அரை மணி இருக்கும்.”

“பின்மூடியைத் தொட்டீங்களா?”

“கிளிப் மாட்ட அதைக் கழட்டித்தானே ஆகணும்? என்ன சார், போலீஸ் மாதிரி கேக்கறீங்க? தங்கச்சி இருக்கா பக்கத்துல?”

“இருக்கேண்ணே” என்றாள். அவளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். “ஒண்ணுமில்ல. அப்புறம் பேசறேன்.”

போன் அணைந்ததும் கணவர் விரலை மடக்கினார். “வேன், சூடு, பின்மூடி. உனக்கும் அவருக்கும் ஒரு வாரமா அந்த வரிப்பள்ளச் சண்டை வேற.”

சண்டை உண்மைதான். சூட்டை வெளியேற்ற உடம்பைச் சுற்றி வெட்டும் பள்ளங்களை இன்னும் ஆழமாகப் போட வேண்டும் என்று அவர். கையை அறுக்கும், வேண்டாம் என்று அவள். கடைசியாகப் பேசியபோது அவள் குரல் உயர்ந்தது. அந்தக் குற்ற உணர்வு இப்போது சந்தேகத்தின் வேடத்தில் வந்து நிற்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. நாம் யாரிடம் கடிந்து பேசினோமோ, அவர்கள் கெட்டவர்களாக இருந்துவிட்டால் எவ்வளவு சௌகரியம்.

அவள் பென்சில் எடுத்து, கசிந்த எண்களுக்குப் பக்கத்தில் ஒரு கழித்தல் கணக்குப் போட்டாள். விடையைப் பார்த்தாள். மறுபடி போட்டாள். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். கணவர் பின்னாலேயே வந்தார்.

மணி 2.10.

கடைக்குப் பின்னால் குளிர் அறை. உள்ளே வாளி வாளியாக ரோஜாவும் லில்லியும். மின்சாரம் போனால் உதவும் என்று அவள் செய்து கொடுத்த பழைய டார்ச் கதவோரம் ஆணியில் தொங்கியது. நாத்தனார் காம்புகளைச் சரித்து நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“வாங்க அண்ணி. என்ன, ரெண்டு பேரும் சேர்ந்து?”

“உங்கிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு. ரீசெட் ஆன டார்ச்சுக்கு எதுவுமே தெரியாது. அந்த நேரத்துல தன் உடம்பு என்ன சூட்டுல இருக்கோ அதை இருபத்தஞ்சுன்னு நம்பிடும். உண்மையான சூட்டை நான் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கற வரைக்கும் அப்படியேதான் இருக்கும்.”

“அதான் நானும் சொன்னேன், வேன்ல” என்று ஆரம்பித்தார் கணவர்.

“வேன்ல நாற்பத்தஞ்சு இருந்திருக்கும்னு வைங்க. அதை இருபத்தஞ்சுன்னு நம்பியிருந்தா, முப்பதுல இருக்கற என் மேஜைல என்ன சொல்லும்?”

அவர் விரல்களை எண்ணினார். “பத்து?”

“பத்து. குறைச்சுத்தான் சொல்லும். ஆனா இது பதினேழு கூடச் சொல்லுது. அதனாலதான் ‘ஐயோ சுடுது’ன்னு பயந்துபோய் ஐம்பது நொடில தணிஞ்சிடுது. அப்படின்னா இது கண் முழிச்ச இடம் இருபத்தஞ்சைவிடப் பதினேழு குறைச்சல்.”

நாத்தனாரின் கத்தரிக்கோல் நின்றுவிட்டது.

“எட்டு” என்றார் கணவர். கதவின்மேல் இருந்த வட்டமான வெப்பமானியை நிமிர்ந்து பார்த்தார். முள் எட்டில் நின்றது.

“குளிர்ந்த டார்ச்சை வெளிய கொண்டுபோனா மேலெல்லாம் வேர்த்துக் கொட்டும். அந்த ஈரம்தான் என் நோட்டுல. கத்தரிக்கோல் எடுக்க வந்தப்ப டார்ச்சையும் எடுத்துட்டு வந்தே. திருப்பி வைக்கப்போனப்ப ரெண்டையும் வச்சே. நீதான்.”

“நீயா?” கணவரின் குரல் கண்ணாடிக் கதவில் பட்டுத் திரும்பியது. “உன் சொந்த அண்ணிக்கு?”

அவள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. கணக்குப் போட்டபோதே அவளை உறுத்தியது அதுதான்.

“எடுத்த உடனே செஞ்சிருந்தா டார்ச் இருபத்தஞ்சு, முப்பதுல இருந்திருக்கும். இவ்வளவு பெரிய உலோகம் எட்டுக்கு இறங்க முழுசா ஒரு மணி நேரம் ஆகும்” என்று நிதானமாகச் சொன்னாள். “ஒரு மணி நேரம் இதை எதிர்ல வச்சுக்கிட்டு நீ செய்யாமத்தான் இருந்திருக்க.”

நாத்தனார் வாளியின் விளிம்பில் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்த கையில் இலைத்துணுக்கு ஒட்டியிருந்தது.

“காலைல அண்ணன் டேப்போட வந்து இந்த ரூமை அளந்தான். என்னடான்னு கேட்டேன். டார்ச் ஜெயிச்சா இங்க அவளுக்கு மேஜை போடணும், நீ வேற இடம் பார்த்துக்கோன்னான். விளையாட்டாச் சொல்ற மாதிரிதான் சொன்னான். இது இல்லாம நான் எங்க அண்ணி பூவை வைப்பேன்? வெளிய வச்சா சாயங்காலத்துக்குள்ள தலை தொங்கிடும். நீங்க அமைச்சதெல்லாம் அழிஞ்சிட்டா டார்ச் சுமாரா எரியும், அவ்வளவுதான்னு நெனச்சேன். இப்படிச் சாகும்னு தெரியாது.”

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் லில்லிகளைப் பார்த்தார்.

மணி 2.30க்கு அவள் தன் மேஜையில் இருந்தாள். கசிந்துபோன எண்கள் அவளுக்கு மனப்பாடம். முதலில் டார்ச்சை அறையின் சூட்டுக்கு வரவிட்டாள். பிறகு முப்பது முறை அமுக்கி, இதோ பார், இதுதான் முப்பது என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தாள். பச்சைப் புள்ளி திரும்ப வந்தது. யாரோ ஊருக்குப் போய் வீடு திரும்பியதைப் போலிருந்தது.

நான்கு மணிக்குத் தலைவி வந்தாள். தண்ணீர்கூட வேண்டாம் என்றுவிட்டு டார்ச்சைக் கையில் பிடித்தபடி நின்றே இருந்தாள். பத்து நிமிடம் ஆனது. பதினொன்று ஆனது. “பிடிக்க நல்லாருக்கு. கையை அறுக்கல” என்றாள். நாற்பதுக்கும் ஆர்டர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

கணவர் கடைசல்காரருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். “மன்னிப்பு கெடக்கட்டும் சார், அந்த வரிப்பள்ளத்தை ஒரு மில்லிமீட்டர் ஆழமாப் போட விடச் சொல்லுங்க” என்ற குரல் ஸ்பீக்கரில் கேட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அரை மில்லிமீட்டர் விட்டுக்கொடுத்தாள்.

மணி 5.15. கணவர் அவளைக் கீழே அழைத்தார். குளிர் அறையின் ஒரு மூலையில் டேப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். நாத்தனார் வாளிகளைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்கு இவ பண்ணினதுக்கு அப்புறம் யோசிக்கவே வேணாம். இங்க ரெண்டு மேஜை தாராளமா வரும். இந்த நுனியைப் பிடி.”

அவள் நுனியை வாங்கிக்கொண்டாள். அது சில்லென்று இருந்தது. மாடியில் ஜன்னலோரம் இருக்கும் தன் மேஜையை நினைத்தாள். அங்கே மதிய வெயில் போர்டுகளின் மேல் வந்து விழும். நாற்பது டார்ச்சுக்கு அந்த மேஜை போதும். இந்த அறை அவளுக்கு வேண்டுமா என்று யாரும் அவளைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் காலையிலேயே சொல்லியிருப்பாள்.

“வேணாங்க” என்றாள்.

“என்னது?”

அவள் விரலை எடுத்தாள். டேப் சரசரவென்று ஓடி அவர் கைக்குள் போய் அடங்கியது. அவள் குனிந்து, நகர்த்திய வாளிகளில் ஒன்றைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்தாள்.