டைட்டிலில் ஒரு பேர்

படத்தை முடிக்கக் கேமராவையே விற்ற புத்திசாலியைப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் தெரு டைரக்டர் விற்றான். எடுக்க வேண்டியதெல்லாம் எடுத்தாயிற்று, இனி ஒலிச்சேர்ப்புக்குத்தான் செலவு என்று அவன் நினைப்பு. பழைய கேமரா கடை வாசலில், மழைக்கு ஒதுங்கி நின்றபோதே, வாங்க வந்தவள் ஒருத்தி அகப்பட்டாள். பணத்தை வாங்கிக்கொண்டான்... கேமராவிலிருந்து கையைத்தான் எடுக்கவில்லை.

"விடுங்க சார்."

"ஈரத்துல வெளிய எடுக்காதீங்க. பத்திரம்..."

"பொண்ணைக் கட்டிக் கொடுக்கிற அப்பா தோத்தார் போங்க!"

கைக்குழந்தைகளைப் படமெடுத்துப் பிழைப்பவள் அவள். மழைத்துளி ஒட்டிய இமைகளுக்குக் கீழே ஒரு சிரிப்பு... நிமிர்ந்து பார்த்தான். ஆள் அவுட்.

சில நாளில் எடிட்டர் கூப்பிட்டார். கடைசி ஷாட்டில் நாயகியின் முகம் மங்கலாக விழுந்திருக்கிறதாம். நடித்த பெண்ணோ மறுநாள் மாலையே வேலைக்காக வெளியூர் போகிறாள். படம் நின்றால் மாமாவின் டைல்ஸ் கடையில் உட்காருவதாக அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அவளுடைய குழந்தைகள் ஸ்டுடியோவில் போய் நின்றான்.

"நாளைக்கு ஒரு நாள்... பக்கத்துப் பார்க்குல ஒரு ஷாட். கேமரா வாடகைக்கு வேணும்."

"எடுத்துட்டுப் போங்க. வாடகையெல்லாம் எதுக்கு?"

"பரிதாபமா இருக்கா என்னைப் பார்த்தா?"

விறுவிறுவென்று வந்துவிட்டான். சோற்றுக்குப் பஞ்சம் வரலாம், ரோஷத்துக்கு வருமா?

மறுநாள் நடிகையை நிறுத்தி, செல்போனைக் கையில் வைத்து முழித்துக்கொண்டிருந்தான். தோளில் கேமராவோடு அவள் வந்து நின்றாள்.

"பரிதாபப்பட்டு வரல. ஒளிப்பதிவுன்னு டைட்டில்ல என் பேரும் வரணும். அதான் வாடகை."

"காசு வராத படம்ங்க இது."

"குழந்தைங்க படத்துல காசு வருது. யாரும் என் பேரைப் போட்டதில்ல."

ஷாட் முடிந்தது. நடிகை கிளம்பிப் போனாள். அவன் மட்டும் தரையைப் பார்த்தபடி நின்றான்.

"இதை யாரும் வாங்காமலே போகலாம். அடுத்ததும் அப்படித்தான். தெரிஞ்சேதான் கேக்கறேன்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. என்கூட இருப்பீங்களா?"

அவள் கண்கள் நிறைந்தன.

"இருப்பேன். ஆனா, வீட்டுச் செலவை நான் பாக்கற மாசம், நேத்து மாதிரி ரோஷப்பட்டுப் போயிடக் கூடாது."

தரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான்.

"போக மாட்டேன்."