ஊதா நுரையீரலின் இரண்டாவது ஆள்

மனித குலம் செய்த தவறுகளிலேயே பெரிய தவறு இசைக்குழுதான் என்று ஒண்டி அறிவித்தான். போரும் கொள்ளைநோயும் அதற்கு அடுத்த இடங்களில் வருமாம். இதைச் சொன்னபோது அவனுடைய ஒரு கையில் டிரம்ஸின் பெரிய உருளையும் இன்னொரு கையில் தலையணையும் இருந்தன. வாசலில் சாமான் வண்டி நின்றிருந்தது. அவன் அக்கா கைப்பைக்குள் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"ஒரு பாட்டை ஆரம்பிக்க நாலு பேர் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கணும். அப்புறம் ஒருத்தன் ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணணும். அவன் எண்ணி முடிக்கிற வரைக்கும் வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறவன் கலைஞனாக்கா? பஸ்ஸுக்கு நிக்கிறவன்."

"பஸ்ஸாவது ஒருநாள் வரும். தள்ளு, பூட்டு தெரியல."

அவன் இதுவரை மூன்று இசைக்குழுக்களிலிருந்து விலகியிருந்தான். விலகுவதற்கு முந்தின நாளே மூன்றும் அவனை விலக்கிவிட்டன என்பது சிறிய விவரம். அதை அவன் பொருட்படுத்துவதில்லை. அதற்குப் பிறகுதான் 'ஊதா நுரையீரல்' பிறந்தது. உறுப்பினர் எண்ணிக்கை: ஒன்று. டிரம்ஸ், பேஸ், கிட்டார், கீபோர்டு, குரல் எல்லாம் அவனே. ஒன்றை வாசித்துப் பதிவுசெய்வான். அதை ஹெட்போனில் கேட்டபடியே அடுத்ததை வாசித்து அதன் மேல் ஏற்றுவான். சைகடெலிக் இசை. கேட்கிறவனுக்குத் தன் வீட்டுச் சுவர் மூச்சு விடுவதுபோல் இருக்க வேண்டும் என்பது அவனுடைய லட்சியம். ஒண்டி என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும் இதனால்தான். கேலியாக வைத்த பெயரை அவன் பட்டமாக எடுத்துக்கொண்டான்.

அக்காவுக்கு அவசர உதவி எண்ணில் போன் எடுக்கும் வேலை. காலையில் போனால் பொழுது சாயும்போது வருவாள். புது வீடு அந்த அலுவலகத்துக்குப் பக்கம் என்று அவள் எடுத்தாள். பல் டாக்டர் ஒருவர் முன்பக்கம் குடியிருந்து, பின்பக்கம் வைத்தியம் பார்த்த வீடு அது.

"டாக்டர் எங்கே போனாரு?" என்று ஒண்டி வீட்டுத் தரகரைக் கேட்டிருந்தான்.

தரகர் கூரையைப் பார்த்தார்.

"மாடிக்கா?"

தரகர் ஒப்பந்தத் தாளை நீட்டினார்.

பின்னறையைப் பார்த்ததும் ஒண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுப்பதற்காகச் சுவருக்குள் ஈயத் தகடு பதித்திருந்தார்கள். கனமான கதவைச் சாத்தினால் தெரு அப்படியே அணைந்துவிடும். நாய், ஹாரன், குழாயடிச் சண்டை எதுவும் உள்ளே வராது. நடுவில் சாய்வு நாற்காலி ஒன்று, சிமெண்டுத் தரையோடு சேர்த்து முடுக்கப்பட்டிருந்தது. பச்சை ரெக்சின், தலை வைக்கும் இடத்தில் மட்டும் நிறம் தேய்ந்து வெளுத்திருந்தது. பக்கத்தில் டாக்டர் உட்காரும் உருளை ஸ்டூல். காற்றில் லேசாகக் கிராம்பு எண்ணெய் வாசம்.

நாற்காலியைக் கழற்ற முடியவில்லை. சரி, சாய்ந்துகொண்டு பாடலாம் என்று விட்டுவிட்டான்.

திங்கட்கிழமை டிரம்ஸ் மட்டும் வாசித்துப் பதிவுசெய்தான். செவ்வாய் பேஸ், புதன் கிட்டார். வியாழக்கிழமை கீபோர்டு வாசிக்கும்போது விரல் வழுக்கித் தவறான கட்டையில் விழுந்தது. மேலே போகவேண்டிய பாட்டு சட்டென்று படியில் கால் தவறியதுபோல் கீழே இறங்கியது. அது நன்றாகவே இருந்தது. தவறு செய்தாலும் தப்பாமல் செய்கிறவன் தான் என்று மகிழ்ந்து அப்படியே வைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை மதியம், மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, திங்கட்கிழமை பதிவுசெய்த டிரம்ஸை மட்டும் தனியாகக் கேட்டான்.

டிரம்ஸின் தோலடிக்கு அடியில் ஏதோ ஒரு குரல்.

ஆ...

சொல் இல்லை. ராகம் என்று சொல்லவும் முடியாது. நீளமாக, தட்டையாக, மூச்சு தீரத் தீர நடுங்கிக்கொண்டு ஒரே 'ஆ'. ஒண்டி வால்யூமைக் கூட்டினான். ஒன்றரை நிமிடம் கழித்து, விரல் வழுக்கிய அந்த இடம் வந்தது.

குரலும் கீழே இறங்கியது.

அதே கட்டைக்கு.

திங்கட்கிழமை அந்தத் தவறு நடக்கவே இல்லை. பாட்டுக்கு அப்போது மெட்டே கிடையாது.

ஒண்டி ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தான். தன்னுடைய மேதைமை தன்னையே மூன்று நாள் முந்திக்கொண்டு போய்விட்டது என்று கடைசியில் முடிவுசெய்தான். வேறு விளக்கம் எதுவும் அவனைப் பற்றியதாக இல்லை.

எட்டுப் பாட்டுகள் சேர்ந்தன. எட்டிலும் அந்தக் குரல் இருந்தது. எந்தக் கருவியை முதலில் பதிவுசெய்தாலும் அதற்கு அடியில் முன்கூட்டியே வந்து காத்திருந்தது.

ஒருநாள் அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்காவின் காதில் ஹெட்போனை மாட்டினான். அவள் கை நின்றுவிட்டது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"யாருடா இது?"

"நான்தான்."

"நீ இல்ல. ஒரு நாளைக்கு நூறு பேர் மூச்சைக் கேக்கிறவ நான். என்கிட்டயேவா?" குழாயை மூடினாள். "இது பாடுறவங்க குரல் இல்லடா. வாயை மூட விடாம வச்சிருக்காங்க. எச்சிலைக்கூட முழுங்க முடியல. கேளு, இந்த இடத்துல."

அவன் கேட்டான். குரலுக்கு நடுவே தொண்டை ஒருமுறை ஏறி, எதையோ விழுங்கப் பார்த்து, முடியாமல் இறங்கியது. இருபது தடவை கேட்ட பாட்டில் அதை அவன் அதுவரை கவனித்ததே இல்லை.

"வெளியிடாதன்னு சொன்னா நீ கேக்கப் போறதில்ல. பேராவது போடு."

"என்ன பேருக்கா போடுறது?"

"தெரியலன்னா தெரியலன்னு போடு. உன்னோடது இல்லன்னாவது போடு."

ஒண்டி இரண்டு நாள் யோசித்தான். பிறகு எட்டுப் பாட்டுகளையும் இணையத்தில் ஏற்றி, கீழே இப்படி எழுதினான்: 'எல்லாம்: ஒண்டி.'

முதல் வாரம் பதினொரு பேர் கேட்டார்கள். அதில் நாலு பேர் அவனே. மூன்றாவது மாதம் லட்சக்கணக்கில் கேட்டார்கள். எல்லோரும் அந்த 'ஆ'வைப் பற்றியே பேசினார்கள். கண்ணை மூடினால் யாரோ நம் முகத்துக்கு மேல் குனிவதுபோல் இருக்கிறது என்று ஒரு விமர்சகர் புல்லரித்தார். பாட்டு வெளியிடும் லேபிள்காரர் ஒருவர் போனில் பிடித்தார், இந்த எட்டையும் இனி நானே வெளியிடுகிறேன், அடுத்த தொகுப்பும் எனக்குத்தான் என்றார். பேட்டி எடுத்தவர் கேட்டார்: "அந்தக் குரல்?"

"என்னோடதுதான். ரெண்டு நாள் சாப்பிடாம, மல்லாந்து படுத்துப் பாடினேன். கூட ஆள் இருந்தா அந்த ஆழம் வராது. நான் ஒண்டி."

அன்று பின்னறைக் கதவைத் திறந்ததும் கிராம்பு வாசம் முகத்தில் அறைந்தது.

நாற்காலியின் தலை வைக்கும் இடத்தில் ஓரமாக ஈரம். பச்சை ரெக்சினில் இழையாக வழிந்து, நுனியில் திரண்டு, சொட்டியது.

ஒண்டி ஒரு துணியை எடுத்துத் துடைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது.

கூரை ஒழுகுகிறது என்று அக்காவிடம் சொன்னான். மழை பெய்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நாளைக்கு மேடையில ஒரு தப்பு பண்ணப் போற. அதுக்குள்ள இப்பவே உண்மையைச் சொல்லிடு," என்றாள். போனில் யாரோ தெரியாதவரிடம் கதவைத் திறந்து வையுங்கள் என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

மறுநாள் அவனுடைய முதல் மேடை. மாலைக் காட்சி, அரங்கம் நிறைந்திருந்தது. மேடையில் அவன் ஒருவன், சுற்றிலும் இயந்திரங்கள். ஒவ்வொரு கருவியின் பதிவையும் ஒவ்வொன்றாக ஓடவிட்டு, அதற்கு மேல் தானும் வாசிப்பது திட்டம். டிரம்ஸ் வந்தது. பேஸ் வந்தது. எல்லாம் வந்தது.

குரல் மட்டும் வரவில்லை.

காலையில் வீட்டில் சோதித்தபோது இருந்த குரல். இப்போது அதே பதிவில் வெறும் தோலடி. முன்வரிசையில் ஒருவர் செருமினார். பின்வரிசையில் யாரோ போனை எடுத்தார்கள், வெளிச்சம் தெரிந்தது. அந்தக் குரல் இல்லாத பாட்டு, ஒரு மனிதன் தன் சாமான்களை இடம் மாற்றி வைப்பதுபோல் கேட்டது. ஒண்டிக்கே அது தெரிந்தது. வியர்த்தது. சரி, நம் குரல் என்றுதானே சொன்னோம் என்று மைக்கின் அருகே போய் வாயைத் திறந்தான்.

"ஆ..."

அரங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

மூச்சு தீர்ந்ததும் வாயை மூடப் போனான்.

வாய் மூடவில்லை.

நாக்கில் ரப்பர் வாசனை.

கீழ்வரிசைப் பற்களுக்கு உள்பக்கம், இடதில் ஒன்று, வலதில் ஒன்றாக, ஏதோ மெல்ல அழுந்தியது. அவசரமே இல்லாமல் அழுந்தியது. காதுக்குக் கீழே எலும்பு நகர்ந்து 'டக்' என்றது. அவன் கத்தினான். வாய் திறந்தபடி கத்தினால் 'ஆ' என்றுதான் வரும். எச்சில் முகவாயில் வழிந்தது. கையால் தாடையைப் பிடித்து மேலே தள்ளினான். கைதட்டினார்கள்.

பதினோரு நிமிடம்.

முன்வரிசையில் எழுந்த ஒரே ஆள் அக்கா. "அவன் பாடல! லைட்டைப் போடுங்க, அவன் பாடலங்க!" என்று கத்திக்கொண்டே மேடையேறினாள். அதையும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து அவளுக்கும் சேர்த்துக் கைதட்டினார்கள். 'சமரசமற்ற துணிச்சல்' என்று மறுநாள் எழுதினார் அதே விமர்சகர்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தாடையை அதன் இடத்தில் பொருத்திவிட்டு, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"யார் உங்க வாயை இப்படிப் பிடிச்சது?"

"யாரும் பிடிக்கல டாக்டர். மேடையில தனியாத்தான் இருந்தான்," என்றாள் அக்கா.

"ரெண்டு கட்டைவிரல் பதிஞ்சிருக்கும்மா, ஈறுல. அழுத்திப் பிடிச்ச கன்றல்." டார்ச்சை அணைத்தார். "விரல்னா ரேகை மாதிரி ஏதாவது தெரியணும். இது வழவழன்னு இருக்கு. கையுறை போட்ட கை."

தாடையிலிருந்து உச்சந்தலைக்கு இறுக்கமாகக் கட்டுப் போட்டார்கள். ஆறு வாரத்துக்கு வாயைத் திறக்கவே கூடாது. திறந்தால் மறுபடி கழன்றுவிடும், பிறகு எப்போதுமே நிற்காது, பாடுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்றார்.

ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் அக்கா அவன் தாடையைத் தாங்கிப் பிடித்தாள். வீடு வந்ததும், "இத்தனை வருஷத்துல உன்கூட நிம்மதியா வந்த பயணம் இதுதான்," என்றாள். சொல்லிவிட்டு அவன் தோளில் முகத்தை வைத்து அழுதாள்.

அன்றைக்கே ஒண்டி லேபிள்காரருக்குச் செய்தி தட்டினான். 'எல்லாம்: ஒண்டி' என்பதை எடுத்துவிடுங்கள்.

குரல் யார் பெயரில் போடட்டும் என்று பதில் வந்தது.

'தெரியாது.'

'அப்படியேவா?'

'அப்படியே.'

அடுத்த வாரம் ஒரு பகல். அக்கா வேலைக்குப் போயிருந்தாள். ஒண்டி பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். தெரு அணைந்தது. இன்னொரு மைக்கை எடுத்து, நாற்காலியில் சாய்கிற ஆளின் வாய் எங்கே இருக்குமோ அந்த உயரத்தில், அந்தத் தூரத்தில் பொருத்தினான். வெளுத்த ரெக்சினின் மேல் துவைத்த துண்டு ஒன்றை மடித்து வைத்தான். பிறகு கிட்டாரோடு ஸ்டூலில் உட்கார்ந்தான். பதிவைத் தட்டினான். ஹெட்போனை மாட்டினான்.

ஆ...

இந்தமுறை டிரம்ஸுக்கு அடியில் இல்லை. ஒரு கை தூரத்தில், அவன் முழங்காலுக்குப் பக்கத்தில்.

ஒண்டி நாற்காலியைப் பார்க்கவில்லை. தந்தியின் மேல் விரலை வைத்தான். பாட்டை ஆரம்பிக்க வேண்டும். எண்ண வாயில்லை. ஆரம்பிக்கட்டுமா என்று கேட்கவும் வாயில்லை. தலையைக் குனிந்து, லேசாக ஒருமுறை ஆட்டினான்.

குரல் நின்றது.

ஹெட்போனில் பல்லோடு பல் மோதும் மெல்லிய சத்தம். அதன் பின்னால் விழுங்கும் ஓசை, வருடக்கணக்கில் தாகமாக இருந்தவர் குடிப்பதுபோல் நீளமாக.

அப்புறம் கரகரப்பாக, மிகப் பக்கத்தில்:

"ஒண்ணு."

ஒண்டி அசையவில்லை.

"ரெண்டு."

மூன்றுக்காக அவன் காத்திருந்தான்.